முதுநிலைப் பட்டம்: எதையெல்லாம் முடித்தால் கையில் வரும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துறை அலுவலக வாசலில் வந்து நிற்கிற மாணவர்களில் பாடம் புரியாமல் தடுமாறியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. விதி தெரியாமல் ஒரு செமஸ்டரைத் தொலைத்தவர்களைத்தான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கேட்ட கேள்விகளையும், கேட்காமல் விட்டுப் பிறகு வருந்திய சிலவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். எண்கள் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். விதிகளின் அமைப்பு மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான்.

எல்லாப் பேப்பரும் பாஸ். அப்புறம் பட்டம் தானாக வந்துவிடாதா?

வராது. பேப்பர் பாஸ் ஆவது ஒரு நிபந்தனை மட்டும்தான். அதோடு மொத்தக் கிரெடிட், அது எந்தெந்த வகைப் பாடங்களிலிருந்து வர வேண்டும் என்ற பிரிப்பு, குறைந்தபட்சச் சராசரி, ஆய்வேடோ அதற்கு ஈடான தேர்வோ, கால வரம்பு, பாக்கி ஏதும் இல்லை என்ற சான்று, பட்டத்துக்கான விண்ணப்பம் என்று வரிசையாக இருக்கின்றன. இவை ஒன்றுக்கொன்று ஈடாகாது. சராசரி எவ்வளவு உயர்ந்திருந்தாலும் ஒரு கட்டாயப் பாடம் விடுபட்டிருந்தால் பட்டம் நிற்கும். நூலகத்துக்குத் திருப்பித் தராத ஒரு புத்தகத்தாலும் நிற்கும்.

கிரெடிட் என்றால் என்ன? ஒரு நாட்டில் 30 போதும் என்கிறார்கள், இன்னொரு நாட்டில் 180 கேட்கிறார்களே?

மலைக்க வேண்டாம். கிரெடிட் என்பது உழைப்பை அளக்கும் அலகு. ஒருவர் படியால் அளக்கிறார், இன்னொருவர் ஆழாக்கால் அளக்கிறார், அவ்வளவுதான்.

அமெரிக்க முறையில் ஒரு கிரெடிட் என்பது வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு, அதற்கு வெளியே இரண்டு மணி நேரப் படிப்பு. இப்படிச் சுமார் 15 வாரம். அதாவது 45 மணி நேரம். முதுநிலைக்கு 30 முதல் 36 கிரெடிட் என்பது அங்கே பரவலான அளவு. ஐரோப்பிய முறையில் ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேரம், முழுநேரப் படிப்பின் ஓராண்டுக்கு 60 கிரெடிட். இரண்டு ஆண்டு முதுநிலை என்றால் 120. 1999-இல் 29 நாடுகள் இத்தாலியின் போலோன்யா நகரில் கையெழுத்திட்ட அறிக்கைக்குப் பிறகு இந்த அளவு கண்டம் முழுக்கப் பரவியது. பிரிட்டனில் ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேரம்தான் கணக்கு. அதனால்தான் ஓராண்டு முதுநிலைக்கு 180 கேட்கிறார்கள். இரண்டு பிரிட்டன் கிரெடிட் ஓர் ஐரோப்பியக் கிரெடிட்டுக்குச் சமம். இந்தியாவில் வாரம் ஒரு மணி நேர வகுப்பு ஒரு செமஸ்டர் முழுக்க நடந்தால் ஒரு கிரெடிட். செய்முறை வகுப்பானால் அதற்கு இரண்டு மணி நேரம் தேவை.

உங்கள் கிரெடிட்டை வேறு நாட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் காட்டும்போது எண்ணை மட்டும் காட்டாதீர்கள். பாடத்திட்டத்தையும், மணி நேரக் கணக்கையும், ஒரு கிரெடிட் என்றால் என்ன என்று மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் அச்சடித்திருக்கும் விளக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள். அந்தப் பின்பக்கத்தை ஸ்கேன் செய்யாமல் அனுப்புகிறவர்கள்தான் அதிகம்.

மொத்த எண்ணிக்கை வந்துவிட்டால், எந்தப் பாடம் எடுத்திருந்தாலும் சரிதானே?

இதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். மொத்தத்துக்குள் பல அறைகள் இருக்கின்றன. கட்டாயப் பாடங்கள், துறைக்குள் எடுக்க வேண்டிய விருப்பப் பாடங்கள், வேறு துறையில் எடுக்கலாம் அல்லது எடுத்தே ஆக வேண்டும் என்பவை, ஆய்வு முறையியல், ஆய்வேட்டுக்கான கிரெடிட். ஓர் அறையில் நிரம்பி வழிவதை எடுத்து இன்னோர் அறையில் ஊற்ற முடியாது. விருப்பப் பாடத்தில் ஆறு கிரெடிட் கூடுதலாக வைத்திருந்தும் ஆய்வு முறையியல் எடுக்காததால் நிற்கிற மாணவர் ஒவ்வோர் ஆண்டும் ஒருவராவது வருவார்.

பாடத்தின் நிலையையும் பாருங்கள். இளநிலை மாணவர்களுக்கான பாடத்தில் உட்கார்ந்து தேறினாலும் அது முதுநிலைக் கணக்கில் சேராமல் போகலாம். சில இடங்களில் சேரும், ஆனால் இத்தனை கிரெடிட்டுக்கு மேல் கூடாது என்ற வரம்போடு. வேறு பிரிவிலிருந்து வந்தவர்களுக்கு அடிப்படைப் பாடங்களை எடுக்கச் சொல்வார்கள். அந்த இணைப்புப் பாடங்களின் கிரெடிட்டும் பெரும்பாலும் பட்டக் கணக்குக்கு வெளியேதான் நிற்கும்.

சராசரி எவ்வளவு இருக்க வேண்டும்? ஒவ்வொரு பேப்பரிலும் தேறினால் போதாதா?

முதுநிலையில் தேர்ச்சிக் கோடு ஒன்று, பட்டத்துக்கான சராசரிக் கோடு இன்னொன்று. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நான்குக்கு 3.0, அதாவது 'பி' சராசரி, என்பது பரவலான நிபந்தனை. 'சி' வாங்கிய பாடம் தேர்ச்சியாகக்கூட இருக்கலாம். ஆனால் அதன் மதிப்பு 2.0. அதைச் சரிக்கட்ட அதே கிரெடிட் உள்ள இன்னொரு பாடத்தில் 'ஏ' வாங்க வேண்டும். இரண்டு 'சி' என்றால் இரண்டு 'ஏ'. கடைசிச் செமஸ்டரில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் மிச்சமிருக்கும் பாடங்கள் போதாமல் போகும். இத்தனை 'சி'-க்கு மேல் கூடவே கூடாது என்று தனி வரம்பு வைத்திருக்கும் துறைகளும் உண்டு.

பிரிட்டனில் முதுநிலைத் தேர்ச்சிக் கோடு பெரும்பாலும் 50 மதிப்பெண். 60-க்கு மேல் 'மெரிட்', 70-க்கு மேல் 'டிஸ்டிங்ஷன்'. 70 என்றதும் 'அவ்வளவுதானா' என்று எண்ண வேண்டாம். அங்கே 70 வாங்குவது சுலபமல்ல.

சராசரி என்றால் எல்லாவற்றையும் கூட்டி வகுப்பது என்று நினைப்பதும் தவறு. கிரெடிட்டின் எடையோடு கணக்கிட வேண்டும். நான்கு கிரெடிட் பாடத்தில் 6 புள்ளி, இரண்டு கிரெடிட் பாடத்தில் 9 புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறுமனே கூட்டி வகுத்தால் 7.5 வரும். சரியான கணக்கு: 24-ம் 18-ம் சேர்த்து 42, அதை ஆறால் வகுத்தால் 7. அரைப் புள்ளி எங்கே போனது என்று அலுவலகத்தில் சண்டை போடுவதற்கு முன் இதை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

அரியர் விழுந்தால் மறுபடி எழுதி வாங்கும் மதிப்பெண் பழையதை அழித்துவிடுமா?

மூன்று விதமாக நடக்கும். சில இடங்களில் புதியது பழையதை மாற்றிவிடும். சில இடங்களில் இரண்டும் பட்டியலில் நிற்கும், சராசரியிலும் இரண்டும் சேரும். வேறு சில இடங்களில் மறுதேர்வில் எவ்வளவு எடுத்தாலும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கு மேல் போட மாட்டார்கள். எத்தனை முறை எழுதலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. இதைத் தேர்வுக்கு முன் தெரிந்துகொள்வது நல்லது. உடம்பு சரியில்லாமல் போய் ஏனோதானோவென்று எழுதுவதா, முறைப்படி விலகிக்கொள்வதா என்ற முடிவு இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

தரத்துக்குப் பதிலாக 'இன்கம்ப்ளீட்', அதாவது வேலை இன்னும் முடியவில்லை, என்று போட்டிருந்தால் அது நிம்மதி அல்ல, கெடு. குறித்த நாளுக்குள் மிச்ச வேலையை முடிக்காவிட்டால் பல இடங்களில் அது தானாகவே தோல்வியாக மாறிவிடும்.

ஆய்வேடு எழுதுவதா, எழுதாமல் முடிக்கும் வழியை எடுப்பதா?

இரண்டும் திறந்திருக்கிறது என்றால் ஒரே கேள்விதான்: அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள்? முனைவர் பட்டத்துக்குப் போகிற எண்ணம் கொஞ்சம் இருந்தாலும் ஆய்வேடு எழுதுங்கள். சேர்க்கைக் குழு முதலில் தேடுவது, இவர் ஒரு கேள்வியைத் தானாக எடுத்து முடிவு வரை கொண்டுபோயிருக்கிறாரா என்பதைத்தான். வேலைக்குப் போகிறவர்களுக்குக் கூடுதல் பாடங்களும் ஒரு திட்டப்பணியும் பல நேரம் அதிகம் பயன்படும்.

'ஆய்வேடு இல்லாத வழி சுலபம்' என்ற பேச்சை நம்பாதீர்கள். ஆய்வேட்டுக்குப் பதிலாகப் பெரும்பாலும் கூடுதல் பாடங்கள் வரும், அல்லது படித்தது முழுவதையும் ஒரே மூச்சில் கேட்கும் ஒட்டுமொத்தத் தேர்வு வரும். அதில் ஓரிரு வாய்ப்புக்கு மேல் தராத துறைகள் இருக்கின்றன. பாதியில் வழி மாறலாமா என்றால், முடியும், ஆனால் ஆய்வேட்டுக்கென்று பதிந்த கிரெடிட் பாடக் கணக்குக்கு மாறாமல் வீணாகலாம். என் சொந்த அபிப்பிராயம்: நல்ல வழிகாட்டி கிடைத்தால் ஆய்வேடு, கிடைக்காவிட்டால் நல்ல தலைப்பு கிடைத்தால்கூட யோசியுங்கள்.

ஆய்வேட்டில் எந்தக் கட்டத்தில் ஆட்கள் சிக்கிக்கொள்கிறார்கள்?

எழுதுவதில் சிக்குவார்கள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை எழுதுவதற்கு முன்னும் எழுதிய பின்னும்தான் சிக்கல்.

முன்னால் என்றால், வழிகாட்டியை உறுதிசெய்து, குழு அமைத்து, ஆய்வுத் திட்டத்துக்கு எழுத்துப்பூர்வ ஒப்புதல் வாங்குவது. மனிதர்களிடம் நேர்காணலோ கருத்துக்கணிப்போ எடுப்பதாக இருந்தால் நெறிமுறைக் குழுவின் அனுமதி தரவு திரட்டுவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். திரட்டிவிட்டுப் பிறகு அனுமதி கேட்டால் பொதுவாகத் தர மாட்டார்கள். நேர்காணல்களையெல்லாம் முடித்துவிட்டு, ஒன்றையும் பயன்படுத்த முடியாமல் மறுபடி முதலிலிருந்து தொடங்கிய மாணவியை எனக்குத் தெரியும். வேலையில் குறை எதுவும் இல்லை. தேதிகள்தான் தலைகீழாக இருந்தன.

பின்னால் என்றால், வாய்மொழித் தேர்வு முடிந்த அன்று 'எல்லாம் முடிந்தது' என்று ஊருக்குக் கிளம்புவது. குழு 'சிறு திருத்தங்களுடன் ஏற்கிறோம்' என்று சொன்னால் அது இன்னும் ஏற்கப்படவில்லை என்றுதான் பொருள். திருத்தி, குழுவின் கையெழுத்து வாங்கி, ஓரம், எழுத்தளவு, பக்க எண் எல்லாம் விதிப்படி அமைத்து, இறுதிப் படியை நூலகக் களஞ்சியத்தில் ஏற்றிய பிறகுதான் கணக்கு முடிகிறது. ஓர வெட்டுக்கு இடம் விடாததால் திரும்பி வந்த ஆய்வேடுகள் உண்டு. சிரிக்கலாம், ஆனால் கடைசித் தேதி அன்று சிரிப்பு வராது. காப்புரிமை விண்ணப்பமோ புத்தக வெளியீடோ காத்திருந்தால், ஆய்வேட்டைச் சில காலம் பொதுப் பார்வைக்குத் திறக்காமல் வைக்கும்படி அப்போதே எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஆய்வேடு பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று மென்பொருளால் பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் எத்தனை சதவீதம் வரை விடுவார்கள்?

இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கொண்டுவந்த விதிப்படி 10 சதவீதம் வரை ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40-க்கு மேல் 60 வரை ஓராண்டுக்குத் திருத்திய படியைத் தரவே முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. பல நாடுகளில் இப்படிப் படிநிலை எண் கிடையாது. ஆசிரியர் அறிக்கையைப் பார்த்து முடிவெடுப்பார்.

மென்பொருள் காட்டுவது ஒப்புமையைத்தான், திருட்டை அல்ல. முறையாக மேற்கோள் குறியிட்டதும் அதில் சிவப்பாகத் தெரியலாம். சொல்லை மாற்றி எழுதிய திருட்டு பச்சையாகத் தப்பிவிடலாம், பிறகு வாய்மொழித் தேர்வில் மாட்டும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்தலாமா என்பதைத் துறையிடம் எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள். ஒரே கட்டடத்தில் மாடிக்கு மாடி விதி மாறுகிறது.

வேறு இடத்தில் படித்த பாடங்களை இங்கே சேர்த்துக்கொள்வார்களா?

ஓரளவு. முதுநிலை நிலையில் படித்ததாக இருக்க வேண்டும், நல்ல தரம் வாங்கியிருக்க வேண்டும், பாடம் பொருந்த வேண்டும், மிகப் பழையதாக இருக்கக் கூடாது. ஏற்கெனவே ஒரு பட்டத்துக்காகக் கணக்கிட்ட கிரெடிட்டை இரண்டாவது பட்டத்துக்கும் காட்ட அனுமதிக்காத இடங்கள்தான் அதிகம். மொத்தத்தில் ஒரு சிறு பகுதிக்கு மேல் ஏற்க மாட்டார்கள். பட்டத்தில் தங்கள் பெயர் இருக்கும்போது பெரும்பகுதியைத் தாங்களே கற்பித்திருக்க வேண்டும் என்பது அவர்கள் நியாயம். கிரெடிட் மட்டும் வரும், தரம் சராசரியில் சேராது என்பதும் பொதுவான வழக்கம்.

இந்தியாவில் 2021 முதல் கிரெடிட்டைச் சேமித்து வைக்கும் கல்வி வங்கி ஒன்று இயங்குகிறது. அதில் உள்ளவை பொதுவாக ஏழு ஆண்டு வரை செல்லும். வங்கியில் இருப்பதாலேயே சேர்கிற துறை அதை ஏற்றே தீர வேண்டும் என்று எண்ணிவிட வேண்டாம்.

எத்தனை ஆண்டுக்குள் முடிக்க வேண்டும்? நடுவில் நிறுத்திவிட்டுப் பிறகு வரலாமா?

குறைந்தபட்சக் காலம் ஓராண்டோ இரண்டாண்டோ இருக்கும். அதிகபட்சம் அமெரிக்காவில் பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு ஆண்டு. மற்ற இடங்களில் படிப்புக் காலத்தின் இரு மடங்கு என்பது போன்ற வரம்புகள். இந்தக் கடிகாரம் முதல் பாடத்தில் பதிந்த நாளில் ஓடத் தொடங்குகிறது. வரம்பைத் தாண்டினால் பழைய பாடங்கள் ஒவ்வொன்றாகக் காலாவதியாகும்.

நிறுத்துவதில் தவறில்லை, சொல்லாமல் நிறுத்துவதில்தான் ஆபத்து. முறைப்படி விடுப்பு வாங்கினால் பல இடங்களில் கடிகாரம் நிற்கும். சும்மா வராமல் இருந்தால் அது ஓடிக்கொண்டே இருக்கும், பெயரும் நீக்கப்பட்டிருக்கும், திரும்பி வரும்போது புதிய மாணவராகப் புதிய விதியின் கீழ் சேர்ப்பார்கள். பாடமெல்லாம் முடித்து ஆய்வேடு மட்டும் எழுதிக்கொண்டிருப்பவர்களும் ஒவ்வொரு செமஸ்டரும் பதிவைப் புதுப்பிக்க வேண்டிய இடங்கள் உண்டு. வெளிநாட்டு மாணவர்கள் பாடச் சுமையைக் குறைப்பதற்கு முன் விசா நிபந்தனையைப் பார்த்தே ஆக வேண்டும். பல்கலைக்கழகம் 'சரி' என்றாலும் குடிவரவுத் துறை 'சரி' என்று சொல்லாமல் போகலாம்.

நான் சேர்ந்தபின் பாடத்திட்டத்தை மாற்றிவிட்டார்கள். எந்த விதி எனக்கு?

பெரும்பாலும் நீங்கள் சேர்ந்த ஆண்டின் விதிக் கையேடு. அதனால் அந்த ஆண்டுக் கையேட்டைப் பிடிஎஃப்-ஆகச் சேமித்து வையுங்கள். இணையதளத்தில் எப்போதும் புதியதுதான் இருக்கும். புதியதற்கு மாறலாம் என்றால் முழுவதுமாக மாற வேண்டும். பழையதில் ஒரு சலுகையையும் புதியதில் ஒரு சலுகையையும் பொறுக்கிக்கொள்ள விட மாட்டார்கள்.

வருகைப் பதிவு?

இந்தியப் பல்கலைக்கழகங்களில் 75 சதவீதம் என்பது பழகிப்போன எண். பல நாடுகளில் அப்படிப் பொது எண் இல்லை. ஆய்வுக்கூடமும் கருத்தரங்கமும் மட்டும் கட்டாயமாக இருக்கும்.

முடிக்க முடியாமல் வெளியேறினால் வெறுங்கையோடுதான் போக வேண்டுமா?

எல்லா இடத்திலும் அல்ல. பிரிட்டனில் 180 கிரெடிட்டில் 120 முடித்தவருக்கு முதுநிலை டிப்ளமோவும், 60 முடித்தவருக்கு முதுநிலைச் சான்றிதழும் கிடைக்கலாம். அங்கே ஆய்வேடு பல நேரம் 60 கிரெடிட் என்பதால், ஆய்வேட்டை மட்டும் முடிக்க முடியாதவர் டிப்ளமோவோடு வெளியேறுவார். இதையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

தேர்வே எழுதாமல் எம்.ஏ. தருகிற பல்கலைக்கழகங்கள் உண்டாமே?

உண்டு, மோசடி அல்ல. ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் பி.ஏ. முடித்தவர்கள் குறிப்பிட்ட ஆண்டுகள் கழிந்ததும் மேற்கொண்டு தேர்வு எழுதாமலே எம்.ஏ. பெறலாம். அது பழைய மரபு. அதை யாரும் முதுநிலைப் படிப்பாகக் கருதுவதில்லை. ஸ்காட்லாந்தின் பழைமையான பல்கலைக்கழகங்களில் கலைப் பிரிவின் நான்காண்டு இளநிலைப் பட்டத்துக்கே எம்.ஏ. என்று பெயர். பட்டத்தின் பெயரைப் பார்த்து மட்டும் எடைபோட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

எனக்கு மட்டும் ஒரு விதியில் விலக்கு கேட்கலாமா?

கேட்கலாம், கிடைப்பதும் உண்டு. ஒரு பாடத்துக்குப் பதில் இன்னொன்று, காலக் கெடு நீட்டிப்பு போன்றவற்றில் துறைக்குக் கொஞ்சம் கை இருக்கும். மொத்தக் கிரெடிட்டிலும் சராசரியிலும் கை வைக்க யாரும் துணிய மாட்டார்கள். 'சார் சரின்னு சொல்லிட்டார்' என்பது ஆவணம் அல்ல. அந்த சார் ஓய்வுபெற்றுவிடுவார், அல்லது வேறு துறைக்குப் போய்விடுவார். நேரில் பேசியதை அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்பி, பதில் வாங்கிச் சேமித்து வையுங்கள்.

எல்லாம் முடித்துவிட்டேன். பட்டம் ஏன் இன்னும் வரவில்லை?

முதல் சந்தேகம்: விண்ணப்பித்தீர்களா? பட்டத்துக்கு விண்ணப்பம் தனி, அதற்குக் கடைசித் தேதி உண்டு, பல இடங்களில் அது கடைசிச் செமஸ்டரின் தொடக்கத்திலேயே வந்து போய்விடும். தவறினால் அடுத்த சுற்று.

இரண்டாவது, பாக்கி. கட்டணம், விடுதி, ஆய்வுக்கூடத்தில் உடைந்த கருவி, நூலகம். மூன்றாவது, பெயர். பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரி, கடவுச்சீட்டில் ஒரு மாதிரி, தலைப்பெழுத்து முன்னும் பின்னுமாக இருந்தால் பட்டம் அச்சாவதற்கு முன் திருத்துங்கள். அச்சான பிறகு திருத்துவது இன்னொரு பட்டம் வாங்குகிற பாடு.

கடைசிக்கு முந்தைய செமஸ்டரிலேயே அலுவலகத்தில் உட்கார்ந்து, முடித்தவை, மிச்சம் என்று நிபந்தனை வாரியாகச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அப்போது ஒரு பாடம் விடுபட்டது தெரிந்தாலும் எடுத்துக்கொள்ள இன்னும் ஒரு செமஸ்டர் கையில் இருக்கும்.

பட்டமளிப்பு விழாவுக்கு வராவிட்டால்?

பட்டம் கிடைக்கும், அஞ்சலில் வரும் அல்லது அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளலாம். விழாவில் மேடை ஏறியவர்களுக்குக்கூடச் சில இடங்களில் அன்று கையில் கொடுப்பது வெறும் உறைதான். உள்ளே திறந்து பார்த்துவிட்டுப் பதறிப்போய் மறுநாள் அலுவலகத்துக்கு வருகிறார்கள். அசல், சரிபார்ப்பு முடிந்த பிறகு வரும்.